சாவிக்கொத்து ஒன்று மெயிலில் வந்திருக்கிறது

பணம் கட்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, மெயில் வந்துவிட்டது. உங்கள் ஹோஸ்டிங் கணக்கு தயாராகிவிட்டது என்று முதல் வரி. அதற்குக் கீழே யூசர்நேம், பாஸ்வேர்டு, ஐபி எண், நேம்சர்வர் என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்க நீளம். அச்சகம் நடத்தும் அண்ணாச்சி அதைப் போனில் மேலும் கீழுமாக ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். "பணம் வந்து சேர்ந்துட்டுன்னு சொல்லுதான். சரி தம்பி, காபி சாப்பிடுவோம்" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் திக்கென்றது. அண்ணாச்சி ஏற்கெனவே ஒரு வெப்சைட்டைத் தொலைத்தவர். பதினோரு வருடம் ஓடிய தளம் அது. கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், காலண்டர் படங்கள், விலைப்பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. செய்து கொடுத்த பையன் டொமைனைத் தன்னுடைய மெயில் முகவரியில் பதிந்திருந்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அண்ணாச்சிக்கு அப்போது மெயிலே கிடையாது. பிறகு பையன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். பழைய மெயிலைத் திறப்பதையே விட்டுவிட்டான். ரினியூவல் செய்யச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் பார்க்காத பெட்டியில் விழுந்துகொண்டே இருந்தன. ஒருநாள் தளம் நின்றது. கொஞ்ச காலம் கழித்து அதே முகவரியைத் தட்டினால் ஏதோ சூதாட்டப் பக்கம் திறந்தது. கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அந்த முகவரி இன்னும் அப்படியே இருக்கிறது.

"நம்ம கடை பேருதான தம்பி அது? இன்னொருத்தன் எப்படி எடுக்க முடியும்?" என்று அன்று அவர் கேட்டார். ஊரில் நாற்பது வருடமாக நின்ற பெயர். ஆனால் டொமைனைப் பொறுத்தவரை, அந்தக் கணக்கு யாருடைய மெயிலில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதன் பிடி. டாட்காம் முகவரி ஒன்று கெடு தாண்டினால் உடனே போய்விடாது. பதிவு நிறுவனம் பெரும்பாலும் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடும். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். கடைசியாக 5 நாள் காத்திருப்பு. அதற்கு மேல் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இத்தனை வாய்ப்பும் இருந்தது. சொல்லி வந்த மெயில்தான் அண்ணாச்சியிடம் வரவில்லை.

அதனால் இந்த முறை காபி பிறகு ஆகட்டும் என்று சொல்லி, போனை வாங்கி மேசைமேல் வைத்தேன். வந்திருக்கும் மெயிலை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று இருவரும் உட்கார்ந்தோம். வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தால் சர்வே எண், நான்கெல்லை, கையெழுத்து என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கிற மனிதர் அவர். அந்த அக்கறையில் கால்வாசி போதும் என்று சொன்னதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எந்தச் சாவி எந்தக் கதவுக்கு

பலரும் அந்த மெயிலில் ஒரே ஒரு பாஸ்வேர்டு இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அதில் நான்கைந்து கதவுகளுக்கான சாவிகள் இருக்கும். எல்லாம் ஒரே கொத்தில் வருவதால் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

முதலாவது, நீங்கள் பணம் கட்டிய இடத்தின் லாகின். கணக்குப் பகுதி, பில்லிங் பகுதி என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். பார்வைக்கு ரசீது எடுக்கிற இடம் மாதிரிதான் இருக்கும். ஆனால் மற்ற எல்லாக் கதவையும் திறக்கக்கூடியது இதுதான். பெரும்பாலான நிறுவனங்களில் இங்கே நுழைந்தவர் ஒரு பொத்தானைத் தட்டினால் மறு பாஸ்வேர்டு இல்லாமலே தளத்தின் உள்ளே போய்விடலாம். டொமைனையும் அங்கேயே வாங்கியிருந்தால், அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடும் இங்கேதான் கிடைக்கும். கணக்கை ரத்து செய்வதும் இங்கேதான். எனக்குத் தெரிந்த பலர் தளத்தின் பாஸ்வேர்டைக் கடினமாக வைத்துவிட்டு, இந்தக் கதவுக்குக் குழந்தையின் பெயரையும் பிறந்த வருடத்தையும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது கண்ட்ரோல் பேனல். அதிகம் புழங்குவது சிபேனல். 1996-ல் நிக் காஸ்டன் என்ற பதின்ம வயதுப் பையன் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது; இன்றைக்கும் சின்ன ஹோஸ்டிங் கணக்குகளில் அதன் முகப்பைத்தான் அதிகம் பார்க்கிறோம். முகவரியின் கடைசியில் 2083 என்ற எண் இருந்தால் அது சிபேனலின் பாதுகாப்பான வாசல். 2082 என்றால் பூட்டில்லாத பழைய வாசல், அந்த வழியாகப் போகவே வேண்டாம். யூசர்நேம் பெரும்பாலும் டொமைன் பெயரின் முதல் சில எழுத்துகளாகத்தான் இருக்கும், அதை ஊகிப்பது கஷ்டமில்லை. ஆக, காவல் முழுக்க பாஸ்வேர்டின் தலையில்தான் இருக்கிறது. கோப்புகள், தரவுத்தளம், கடையின் மெயில் பெட்டிகள் எல்லாம் இதற்குள் அடக்கம்.

மூன்றாவதாக எஃப்டிபி. கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குக் கோப்புகளை ஏற்றும் வழி. பல இடங்களில் சிபேனலின் அதே யூசர்நேமும் பாஸ்வேர்டும்தான் இதற்கும். இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர், பிறகு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் படிக்கப் போனவர். அன்றைக்கு வலைப்பின்னலில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வு நிலையங்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். அதனால் பாஸ்வேர்டு போர்வை எதுவும் இல்லாமல் அப்படியே கம்பியில் போனது. அஞ்சலட்டையில் எழுதியதைத் தபால்காரர் படிக்க முடிகிற மாதிரி, வழியில் இருப்பவர் அதைப் படிக்கலாம். ஐம்பது வருடம் தாண்டியும் வெறும் எஃப்டிபி அப்படித்தான் இருக்கிறது. மெயிலில் எஸ்எஃப்டிபி என்றோ, போர்ட் 22 என்றோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது எல்லாவற்றையும் பூட்டிக் கொண்டுபோகும்.

நேம்சர்வர் என்று இரண்டு வரி இருக்கும். அண்ணாச்சி அந்த இரண்டு வரியையும் விரலால் மறைத்துக்கொண்டு, "இதை யார்ட்டயும் சொல்லக்கூடாது, அப்படித்தான?" என்றார். சொல்லலாம். நேம்சர்வர் பெயரும் ஐபி எண்ணும் உலகத்தில் எல்லோருக்கும் தெரியக்கூடியவை. அவை தெரிந்தால்தான் வாடிக்கையாளரின் போன் உங்கள் தளத்தைத் தேடி வர முடியும். கடையின் கதவு எண்ணை மறைத்து வைத்துவிட்டுச் சாவியை வாட்ஸப்பில் அனுப்புகிற வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது.

கடைசியாக வேர்ட்பிரஸ், அதாவது தளத்தைக் கட்டி நடத்தும் மென்பொருள். ஹோஸ்டிங் நிறுவனமே அதை நிறுவிக் கொடுத்திருந்தால் அதற்கு ஒரு அட்மின் பாஸ்வேர்டு தனியாக வந்திருக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

முதல் நாள் பாஸ்வேர்டு

2021 நவம்பர் 22 அன்று கோடாடி நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தது. அதன் வேர்ட்பிரஸ் ஹோஸ்டிங் பகுதிக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். நுழைந்தது செப்டம்பர் 6-ல், நிறுவனம் கண்டுபிடித்தது நவம்பர் 17-ல். இடையில் பத்து வாரம். நுழையப் பயன்பட்டது திருட்டுப் போன ஒரே ஒரு பாஸ்வேர்டு. அதிகபட்சம் 12 லட்சம் வாடிக்கையாளர்களின் மெயில் முகவரியும் வாடிக்கையாளர் எண்ணும் வெளியே போயின. நடப்பில் இருந்த கணக்குகளின் எஸ்எஃப்டிபி, தரவுத்தள பாஸ்வேர்டுகளும் போயின.

அந்த அறிக்கையில் என் கண் நின்றது வேறொரு வரியில். கணக்கு தொடங்கிய நாளில் நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த வேர்ட்பிரஸ் அட்மின் பாஸ்வேர்டும் வெளிப்பட்டிருந்தது. இன்னும் அதையே வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கோடாடி புதிய பாஸ்வேர்டு போட வேண்டியிருந்தது. முதல் வாரத்திலேயே அதை மாற்றியிருந்தவர்களுக்கு அந்தக் கதவைப் பொறுத்தவரை ஒன்றும் ஆகவில்லை. திருடர்கள் கையில் கிடைத்தது செல்லாத சாவி.

மெயிலில் வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும் தெரிந்ததில்லை. அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஏதோ ஒரு பட்டியலில் அது இருக்கலாம். உங்கள் மெயில் பெட்டியில் வருடக்கணக்காகக் கிடக்கும். மெயிலைத் திறந்து வைத்த பழைய போனிலும், பிரிண்ட் எடுத்த கடையிலும் அதற்கு ஒரு நகல் இருக்கலாம். மாற்றிய மறுநொடி அத்தனை நகலும் குப்பையாகிவிடும்.

கூடவே இன்னொரு சோதனை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதைத் தட்டிப் பாருங்கள். புதிதாக அமைக்க ஒரு இணைப்பு வந்தால் சரி. நீங்கள் வைத்திருந்த அதே பாஸ்வேர்டை எடுத்து எழுதி அனுப்பினால், அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறுங்கள். நேர்மையாகச் சேமித்து வைத்தால் நிறுவனத்தாலேயே அதைத் திரும்பப் படிக்க முடியாது. 2015-ல் 000வெப்ஹோஸ்ட் என்ற இலவச ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து 1 கோடியே 35 லட்சம் கணக்குகளின் விவரம் கசிந்தது தெரியவந்தது. பாஸ்வேர்டுகள் எல்லாம் எழுதினபடியே, யாரும் படிக்கக்கூடிய வடிவில் கிடந்தன. அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வங்கிக்கும் வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

எல்லாச் சாவிக்கும் தாய்

அண்ணாச்சியின் கணக்கில் அன்று முதலில் நான் தேடிப் பார்த்தது பாஸ்வேர்டை அல்ல, தொடர்பு மெயில் என்ற கட்டத்தை. எந்தக் கதவின் பாஸ்வேர்டு மறந்தாலும் மாற்றும் இணைப்பு அந்த மெயிலுக்குத்தான் போகும். ஆகவே அந்த மெயில் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் மற்ற எதையும் திருட வேண்டியதில்லை, வரிசையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிபேனலுக்குள்ளும் தொடர்பு மெயில் என்று தனியாக ஒரு இடம் உண்டு. பில்லிங் பகுதியில் மாற்றினால் அங்கே தானாக மாறிவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

அதில் பெருமைக்காகச் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. புது டொமைன் கிடைத்த சந்தோஷத்தில் அந்த டொமைனிலேயே ஒரு மெயில் உருவாக்கி, அதையே ஹோஸ்டிங் கணக்கின் தொடர்பு மெயிலாகக் கொடுப்பார்கள். ஹோஸ்டிங் நின்றுபோனால் அந்த மெயிலும் நின்றுபோகும். மீட்க வேண்டிய இணைப்பு, நின்றுபோன பெட்டிக்கே போய்ச் சேரும். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதை. கணக்குக்கு எப்போதும் வெளியே உள்ள ஒரு மெயில் வேண்டும். அது கடை முதலாளியின் பெயரில் இருக்க வேண்டும். டிசைனர் பெயரிலோ, மாதம் ஒருவர் மாறும் ஊழியர் பெயரிலோ வேண்டாம். அந்த மெயிலுக்கு இரண்டு கட்டப் பாதுகாப்பு கட்டாயம்.

இரண்டு கட்டம் என்றால் பாஸ்வேர்டோடு இன்னொரு எண். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி ஒரு வகை. போனில் உள்ள ஆப் ஒன்று 30 நொடிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆறு இலக்க எண் இன்னொரு வகை. இரண்டாவதுதான் மேல். உங்கள் பெயரில் திருடர்கள் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவர்கள் கைக்குப் போய்விடும். ஆப்பில் வரும் எண் சிம்மைச் சார்ந்ததில்லை. சிபேனலிலும் இந்த வசதி உண்டு, நிறுவனம் திறந்து வைத்திருக்க வேண்டும். பல சேவைகளில் இரண்டு கட்டத்தை அமைக்கும்போது மீட்புக் குறியீடுகள் என்று பத்துப் பன்னிரண்டு வரி காட்டும். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்காமல் 'அடுத்து' என்பதைத் தட்டிவிடுகிறார்கள். போன் தொலைந்த அன்று அதைத் தவிர வேறு வழி இருக்காது.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் வல்லுநர்களே மனம் மாறியிருக்கிறார்கள். பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று நம்மைப் படுத்திய விதிகளுக்கு ஆதாரமாக இருந்த அமெரிக்க அரசு ஆவணம் 2003 வாக்கில் எழுதப்பட்டது. எழுதியவர் பில் பர். 2017-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலுக்கு அளித்த பேட்டியில், செய்ததில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக அவரே சொன்னார். மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு வந்த புதிய வழிகாட்டுதல் நீளத்துக்குத்தான் முதலிடம் கொடுத்தது. கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய மாற்றத் தேவையில்லை என்றது.

பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொண்டால் நீளமும் கவலையில்லை, ஒவ்வொரு கதவுக்கும் வெவ்வேறாக வைப்பதும் கவலையில்லை. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. 'உங்கள் ஹோஸ்டிங் 24 மணி நேரத்தில் நிறுத்தப்படும்' என்று மிரட்டி வரும் போலி மெயிலின் இணைப்பைத் தட்டினால், அசல் சிபேனல் மாதிரியே ஒரு பக்கம் திறக்கும். உங்கள் கண் ஏமாறும். மேனேஜர் முகவரியைப் பார்க்கும், பொருந்தாவிட்டால் பாஸ்வேர்டை நிரப்பாது. வழக்கமாகத் தானே நிரப்புகிற மேனேஜர் ஒருநாள் நிரப்பவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒரே ஒரு பாஸ்வேர்டு பிறர் கைக்குப் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸின் இணைய முகவரியையே சிரிய மின்னணுப் படை என்ற குழு திசைதிருப்பியது. அந்தப் பத்திரிகையின் சர்வரை அவர்கள் தொடவே இல்லை. அதன் டொமைன் பதிவாகியிருந்த மெல்பர்ன் ஐடி நிறுவனத்தின் ஒரு மறுவிற்பனையாளருடைய யூசர்நேமும் பாஸ்வேர்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பாஸ்வேர்டு மேனேஜர் எல்லாம் ஒத்துவராது என்கிறவர்களுக்கு, நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். உங்கள் தளத்தைக் குறிவைப்பவன் பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். அவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. நோட்டு கடை மேசையில் கிடக்கக் கூடாது, அதைப் போட்டோ எடுக்கக் கூடாது. அது போதும்.

பிறர் கையில் கொடுக்கும்போது

தளத்தைத் தானே கட்டுகிற கடைக்காரர் அபூர்வம். யாராவது ஒரு பையனிடமோ பெண்ணிடமோ கொடுத்துத்தான் ஆகவேண்டும். நம் வழக்கம், வந்த மெயிலை அப்படியே அவருக்கு ஃபார்வர்டு செய்வது. அதில் பில்லிங் பகுதி உட்பட எல்லாச் சாவியும் போய்விடுகிறது. வேலை முடிந்து மூன்று வருடம் கழித்தும் அது அவருடைய போனில் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கம்ப்யூட்டருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். 2009-ல் கம்ப்ளார் என்ற வைரஸ் பரவியபோது இதுதான் நடந்தது. கம்ப்யூட்டருக்குள் நுழைந்து எஃப்டிபி பாஸ்வேர்டுகளைத் திருடியது. அவற்றைக் கொண்டு அந்தத் தளங்களுக்குள் போய்த் தன்னையே ஒட்டிவைத்தது. அங்கே வந்தவர்களின் கம்ப்யூட்டருக்கும் தொற்றியது.

சிபேனலில் எஃப்டிபி கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கி, எந்த ஃபோல்டர் வரை போகலாம் என்று கட்டுப்படுத்திக் கொடுக்கலாம். வேர்ட்பிரஸில் அவருக்கென்று தனி யூசர் போடலாம். வேலை முடிந்ததும் இரண்டையும் நீக்கிவிட்டால் போதும். முழுச் சாவியும் கொடுத்தே ஆகவேண்டிய கட்டம் வந்தால், வேலை முடிந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். இது நம்பிக்கையின்மை இல்லை. நாளை ஏதாவது நடந்தால் அந்தப் பையன்மேல் சந்தேகம் விழாமல் காப்பாற்றுவதும் இதுதான். அண்ணாச்சியின் பழைய தளத்தைச் செய்தவனை அவர் வீட்டில் இன்றுவரை திட்டுகிறார்கள். அவனுக்கு அது தேவையா?

வேர்ட்பிரஸ் தளத்தின் தரவுத்தள பாஸ்வேர்டு, பெயரில் கான்ஃபிக் என்று வரும் ஒரு கோப்பில் எழுதினபடியே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பின் நகலை 'பழையது' என்று பெயர் மாற்றி அதே ஃபோல்டரில் விட்டுவைப்பவர்கள் உண்டு. அப்படி விட்டால் உலகத்தில் யாரும் அதைத் திறந்து படிக்க முடிகிற நிலை வரலாம்.

பேக்கப் பற்றி ஒரே ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது, மற்ற நிறுவனங்களின் மென்பொருள் கோப்புகளைப் பாதுகாத்து வைப்பதுதான் அதன் தொழில். 2014 ஜூனில் ஒருவர் அதன் அமேசான் சர்வர்களின் கண்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்து பணம் கேட்டார். நிறுவனத்தார் பாஸ்வேர்டை மாற்றி மீட்கப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர் முன்கூட்டியே வேறு லாகின்கள் உருவாக்கி வைத்திருந்தார். மீட்கப் பார்ப்பதைக் கண்டதும் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்கினார். பேக்கப்களும் அதே கணக்குக்குள்தான் இருந்தன, அவையும் பெரும்பாலும் போயின. பன்னிரண்டு மணி நேரம். நிறுவனம் அத்தோடு மூடப்பட்டது. ஹோஸ்டிங் கணக்குக்குள் இருக்கும் பேக்கப், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு இருக்கும் வரைதான் பேக்கப். மாதம் ஒருமுறை அதை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

சிபேனலின் முகப்பில் ஓரமாக, கடைசியாக எந்த ஐபி எண்ணிலிருந்து உள்ளே வந்தார்கள் என்று காட்டும். உள்ளே போகும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பாருங்கள். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் வரிசை முக்கியம்: முதலில் மெயில் பாஸ்வேர்டு, அடுத்து பில்லிங் பகுதி, பிறகுதான் சிபேனலும் மற்றவையும். மெயிலை விட்டுவிட்டு மற்றதை மாற்றினால், மாற்ற மாற்ற அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பணமும் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

அன்று எல்லாம் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. டொமைன் அண்ணாச்சி பெயரில், அவருடைய மெயிலில். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும், வேறு யாரும் மாற்றிக்கொண்டு போக முடியாதபடி டிரான்ஸ்ஃபர் லாக்கையும் போட்டோம். ரினியூவல் தேதியை அவரே தன் கடையில் அச்சான தினக் காலண்டரின் அட்டையில் எழுதினார். மீட்புக் குறியீடுகளை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தாளை நான்காக மடித்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது, "வீட்டுப் பத்திரம் இருக்க கவர்லயே வச்சிட்டேன் தம்பி. இப்ப காபி சாப்பிடுவோமா?" என்றார்.